கறுப்பும் கறையும்

என் நாவலின் கதாநாயகி ஒருத்தி போன வருஷம் சிவப்பாகிவிட்டாள். 'சிவப்பு' என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெண் பார்த்துவிட்டு வீடு திரும்பிய அத்தைமார்கள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்வார்களே, அந்தச் சிவப்பு.

அவள் பெயர் இருளாயி. மலையடிவாரத்து ஏரி ஒன்றின் அடியில் முந்நூறு வருஷமாக வாசம் செய்துகொண்டு, மடை திறக்கும் இரவில் மட்டும் கரைக்கு வருகிறவள். மாயக்கதைதான், நடந்த கதை என்று நான் யாரிடமும் சத்தியம் செய்யவில்லை. ஆனால் அவள் கறுப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. தண்ணீர் வற்றி, வண்டல் இன்னும் காயாமல் பளபளத்துக்கொண்டிருக்கும் ஏரியின் நிறம் என்று எழுதியிருக்கிறேன். ஒரு தரம் எழுதினால் வாசகர்கள் மறந்துவிடுவார்கள் என்று மூன்று அத்தியாயங்களில் மூன்று விதமாக எழுதியிருக்கிறேன்.

தொடர்கதையாக வந்தபோது அதற்குப் படம் போட்டவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். பென்சில்காரர். மையைத் தொடமாட்டார். பென்சிலைப் பிளேடால் சீவி, முனையைப் படுக்கவைத்துத் தேய்த்துத் தேய்த்து, இருட்டிலிருந்து ஆட்களை மெல்ல வெளியே அழைத்து வருகிற கை அவருடையது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் அழிரப்பரைச் சிறு துண்டாக வெட்டி ஒற்றி எடுப்பார். கரைமேல் இருளாயி உட்கார்ந்திருக்கும் படத்தில், நிலா வெளிச்சம் மேலிருந்து விழாமல் தண்ணீரில் பட்டுக் கீழிருந்து அவள் முகவாயில் ஏறும்படி வரைந்திருந்தார். நான் அப்படி எழுதவில்லை. எழுதாமல் போனேனே என்று பிறகு வருத்தப்பட்டேன்.

இதே நாவலுக்கு இப்போது கெட்டி அட்டையில், வழவழப்பான காகிதத்தில், வர்ணப் படங்களோடு ஒரு பதிப்பு. பதிப்பாளரின் பெயர் இங்கே வேண்டாம். நாளைக்கும் அவர் கடைக்குத்தான் நான் போகவேண்டும். பழைய பென்சில் படங்களையே கம்ப்யூட்டரில் ஏற்றி வர்ணம் தீட்டிவிடலாம் என்றார். எனக்கும் ஆசைதான். சரி என்றேன். புத்தகக் கட்டு வந்தது. பிரித்தேன். ஏரிக்கரையில் சந்தன நிறத்தில், ரோஜா உதட்டோடு, முகத்தில் பவுடர் பூசியது போன்ற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகவாயில் ஏறிய நிலா வெளிச்சத்தைக் காணோம். நாலு பக்கத்திலிருந்தும் ஒரே சீராக ஒளி. கல்யாண மண்டபத்து வீடியோக்காரர் விளக்குப் பிடித்ததுபோல.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு திருவல்லிக்கேணியில் பெரியவர் வீட்டுக்குப் போனேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு தம்பி இந்தப் பொண்ணு?" என்றார்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

மறுநாள் சண்டைக்கு முஸ்தீபாகப் புறப்பட்டேன். வர்ணம் தீட்டியது ஒரு பையன், இருபத்து மூன்று வயது. ஒரு மாடிப்படியின் அடியில், மேஜைமேல் கம்ப்யூட்டரும் சொப்புத் தட்டுப் போன்ற ஒரு எழுதுபலகையும் அதன்மேல் மை இல்லாத ஒரு பேனாவுமாக உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். என் சண்டையில் பாதி அப்போதே போயிற்று.

"என்னப்பா, இருளாயியை இப்படி வெளுத்துவிட்டாய்?"

"இல்ல சார், ஒரிஜினல்ல மூஞ்சி பூரா பென்சில் கறை ஜாஸ்தியா இருந்துச்சு. அதான் க்ளீன் பண்ணினேன்."

கறை! பெரியவர் இரண்டு ராத்திரி உட்கார்ந்து, மணிக்கட்டு வலிக்க ஏற்றிய கறுப்பு அவனுக்குக் கறை. அவன் குறும்புக்காரன் அல்லன். பொய் சொல்லவும் இல்லை. அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது. அது எப்படி அப்படித் தெரிந்தது என்பதை அவனே எனக்கு மணிக்கணக்கில் செய்து காட்டினான். அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்கிறேன். ஏனென்றால் நம் ஜனங்கள் இதை ஏதோ மந்திரம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த கணக்குக்குள் அடங்குகிற சங்கதிதான்.

பென்சில் படத்தை முதலில் ஸ்கேன் செய்கிறார்கள். அது ஒரு கண்ணாடித் தாள்போல மேலே இருக்கும். லேயர் என்று பெயர். அதன் கீழே இன்னொரு தாள்; வர்ணம் அதில் தீட்டப்படும். மேல்தாளை 'மல்டிப்ளை' என்ற நிலையில் வைப்பார்கள். பெயரே சொல்கிறது, பெருக்கல். வெள்ளைக் காகிதத்துக்கு மதிப்பு ஒன்று. கரிக்கறுப்புக்குப் பூஜ்யம். பென்சில் சாம்பல் நிறம் இரண்டுக்கும் நடுவே, அரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றால் எதைப் பெருக்கினாலும் அது அப்படியே இருக்கும். ஆகவே வெள்ளைக் காகிதம் இருந்த இடத்தில் கீழே உள்ள வர்ணம் சுத்தமாகத் தெரிகிறது. அரையால் பெருக்கினால் பாதியாகிறது. ஆகவே நிழல் இருந்த இடத்தில் வர்ணம் மங்குகிறது. எவ்வளவு சாமர்த்தியமான ஏற்பாடு!

ஆனால் இருளாயியிடம் வந்ததும் இந்தக் கணக்கு தடுக்கி விழுகிறது. ஏனென்றால் பென்சிலுக்கு இருப்பது ஒரே நிறம். நிழலைக் காட்டவும் அதே சாம்பல். கறுத்த தோலைக் காட்டவும் அதே சாம்பல். பெரியவர் அவள் கன்னத்தை அரை அளவுக்குக் கறுப்பாக்கியிருக்கிறார் என்றால், அதில் பெரும்பகுதி அவள் பிறந்த நிறம், கொஞ்சந்தான் நிழல். பையன் என் நாவலைப் படித்துவிட்டுக் கீழ்த்தாளில் உண்மையாகவே நல்ல பழுப்பைத் தீட்டினான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பின் மதிப்பு பத்தில் நாலு. அரையால் பெருக்கு, பத்தில் இரண்டு. அவள் கறுப்பு இரண்டு தரம் கணக்கில் ஏறிவிட்டது. திரையில் முகம் இல்லை. சேற்றுக் குழி இருக்கிறது. கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. பையன் பயந்துபோகிறான். பழுப்பை எடுத்துவிட்டுச் சந்தனத்தைத் தீட்டுகிறான், பத்தில் ஒன்பது. பெருக்கினால் நாலரை. இப்போது முகம் தெரிகிறது. ஆனால் வெள்ளைக்காரி முகத்தில் அடுப்புக்கரி பூசினாற்போல் இருக்கிறது. 'கறை' என்று அவன் சொன்னது இதைத்தான். உடனே 'லெவல்ஸ்' என்கிற ஒரு திருகைத் திருகிப் பென்சிலையே வெளுக்கிறான். கறை போயிற்று. கறையோடு இருளாயியும் போனாள்.

சூழ்ச்சி செய்த ஆள் யாருமே இல்லாமல் ஒரு கறுப்புப் பெண் இப்படி வெளுத்துப்போனாள். இதுவே எனக்குப் பயத்தைத் தருகிறது. வேண்டுமென்று செய்திருந்தால் வைதுவிட்டுப் போகலாம்.

இதற்கு மாற்று இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. வெளிச்ச அளவைப் பென்சிலிலிருந்து எடுத்துக்கொண்டு, நிறச் சாயலை மட்டும் வர்ணத் தாளிலிருந்து வாங்கிக்கொள்ளும் நிலை ஒன்று அதே யந்திரத்தில் உண்டு. அதற்குக் 'கலர்' என்றே பெயர். அதில் வைத்தால் பெரியவர் எவ்வளவு கறுப்பு என்று தீர்ப்பளித்தாரோ அவ்வளவே நிற்கும். அந்தக் கறுப்பு பழுப்புக் கறுப்பா, நீலக் கறுப்பா என்பது மாத்திரம் பையன் இஷ்டம். அதற்கும் குறை உண்டு: வெறும் காகிதம் தெரிகிற இடம் வெள்ளையாகவே நின்றுவிடும், படம் சற்றுச் சோகை பிடித்தாற்போல் இருக்கும். ஆகவே நல்ல கைகள் இரண்டையும் கலந்து செய்கின்றன. பென்சில் தாளுக்கே சற்றுச் செம்பழுப்புச் சாயம் ஏற்றிவிடுவது இன்னொரு யுக்தி. வெறும் சாம்பலைச் சதைமேல் வைத்தால் பிணக்களை தட்டும். இவ்வளவுக்கும் முன்னால் ஒரு காரியம் செய்தாக வேண்டும். படத்தின் எதிரில் உட்கார்ந்து, எந்தச் சாம்பல் தோல், எந்தச் சாம்பல் நிழல், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அதற்கு யந்திரத்தில் திருகு கிடையாது. அது வாசிப்பு. வர்ணக்காரன் சித்திரத்தை வாசிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் குறுக்கே வருகிறார். கல்லூரி ஆசிரியர், ரஸிகர். "பென்சில் சித்திரத்தில் வர்ணம் பூசுவதே பாபம். விட்டுவிடவேண்டியதுதானே!" என்பது அவர் வாதம். அவருக்கு நான் சொல்லிக்கொள்வது இது: ஐயா, பென்சில் நிழல் பத்திரிகையில் அப்படியே அச்சாவதற்கே எவ்வளவு காலம் காத்துக் கிடந்தது என்பது தங்களுக்குத் தெரியுமா? ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த நாட்களில் கோட்டுப் படத்துக்கு 'லைன் பிளாக்' போதும். சாம்பல் நிழல் வேண்டுமானால் புள்ளி புள்ளியாக 'ஹாஃப்டோன் பிளாக்' எடுக்க வேண்டும். செலவும் அதிகம், மட்டக் காகிதத்தில் மை பரவி எல்லாம் ஒரே அப்பலாக அப்பும். அதனால்தான் கதைப் படம் போட்டவர்களில் அநேகர் தூரிகையையும் பேனாவையும் பிடித்தார்கள். நிழலைக் கூடக் கோடு கோடாய்க் கீறினார்கள். ஆஃப்செட்டும் ஸ்கேனரும் வந்தபிறகுதான் பென்சிலின் மூச்சு காகிதத்தில் அப்படியே இறங்கியது. விடுதலை கொடுத்த யந்திரத்தை, வர்ணம் என்றவுடன் தீட்டு என்று தள்ளிவைப்பது எந்த நியாயம்?

வர்ணம் பூசினால் சித்திரம் செத்துப்போகும் என்பதும் பொய். அமெரிக்கச் சித்திரக் கதைகளில் வழக்கமாக ஒருவர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் அதன்மேல் மை இழுப்பார், மூன்றாமவர் வர்ணம் தீட்டுவார். 2001-இல் 'ஆரிஜின்' என்ற கதையில் நடுவே இருந்த மைக்காரரை எடுத்துவிட்டார்கள். ஆண்டி கூபர்ட்டின் பென்சில்மேல் ரிச்சர்ட் இஸனோவ் என்பவர் கம்ப்யூட்டரிலேயே நேராக வர்ணம் தீட்டினார். 2003-இல் நீல் கெய்மன் எழுதிய '1602'-ஐயும் அதே ஜோடி அதே முறையில் செய்தது. பென்சிலின் சொரசொரப்பு வர்ணத்துக்குக் கீழே உயிரோடு இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, எழுதியவர், வரைந்தவர் பெயர்களோடு வர்ணக்காரர் பெயரையும் போட்டிருக்கிறார்கள். என் புத்தகத்தில் அந்தப் பையனின் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினேன். இல்லை. பெயர் இல்லாதவனுக்குப் பொறுப்பு எங்கிருந்து வரும்? படத்துக்கு இவ்வளவு என்று கூலி, விடிவதற்குள் மூன்று படம் வேண்டும் என்று உத்தரவு. அவன் என் நாவலைப் படித்தானா என்று கேட்டேன். "டைம் தரல சார்" என்றான். பதிப்பாளர் அவனுக்கு நாவலையே கொடுக்கவில்லை.

சிநேகிதர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. அதை அவரே உணராமல் சொல்கிறார். நிஜ மனிதன் ஒருவனுக்கு வர்ணம் தப்பாகப் பூசினால், அவனைப் பார்த்தவர்கள் இருப்பார்கள், திருத்துவார்கள். மாயக்கதையில் வருகிறவளுக்கு யார் சாட்சி? எழுத்து ஒரு சாட்சி, சித்திரம் ஒரு சாட்சி. அதற்குமேல் வர்ணம் வந்து உட்கார்ந்துவிட்டால் முதல் இரண்டு சாட்சிகளையும் யாரும் கூப்பிடுவதில்லை. லூயிஸ் கரோலின் ஆலிஸ் என்ன நிறத்துக் கவுன் போட்டிருந்தாள் என்று எந்தக் குழந்தையையும் கேளுங்கள். நீலம் என்று சொல்லும். ஜான் டென்னியல் 1865-இல் வரைந்தது கறுப்பு வெள்ளை. 1890-இல் சிறு குழந்தைகளுக்கென்று வந்த பதிப்புக்கு அவரே தம் படங்கள் இருபதுக்கு வர்ணம் தீட்டினார். அதில் கவுன் மஞ்சள்! பின்னால் வந்தவர்கள் நீலம் பூசினார்கள், 1951-இல் டிஸ்னி படம் அந்த நீலத்தை உலகமெங்கும் கொண்டுபோயிற்று. சித்திரக்காரர் தம் கையாலேயே பூசிய மஞ்சள் இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

கவுன் மஞ்சளானால் என்ன, நீலமானால் என்ன, யாருக்கும் நஷ்டமில்லை. தோல் அப்படியல்ல. அமெரிக்காவில் உர்சுலா லெ குயின் என்கிற அம்மையார் 1968-இல் 'எர்த்ஸீ' தீவுகளைப் பற்றிய மாயக்கதை நாவல்களைத் தொடங்கினார். அதன் நாயகன் கெட், செம்புப் பழுப்பு நிறத்தவன்; அவன் தோழன் அவனைவிடக் கறுப்பு. மந்திரவாதி என்றால் வெள்ளைத் தாடிக் கிழவன், வீரன் என்றால் வெள்ளைத் தோல் என்று இருந்த உலகத்தில் அம்மையார் வேண்டுமென்றே, யோசித்துச் செய்த காரியம் அது. என்ன ஆயிற்று? பதிப்புக்குப் பதிப்பு அட்டையில் கெட் வெளுத்தான். 2004-இல் தொலைக்காட்சிப் படமாக எடுத்தபோதும் வெள்ளை நடிகரைப் போட்டார்கள். அந்த வருஷமே அம்மையார் பகிரங்கமாக எழுதிச் சண்டை போட்டார். கடைசியில் சார்லஸ் வெஸ் என்ற சித்திரக்காரர் பல வருஷம் அம்மையாரிடம் கேட்டுக் கேட்டு வரைந்த பெரும் பதிப்பு 2018-இல் வந்தது. அந்த வருஷம் ஜனவரியிலேயே அவர் காலமாகிவிட்டார். ஐம்பது வருஷம்! தம் மகன் தம் நிறத்தில் புத்தகம் முழுக்க இருப்பதை அச்சில் பார்க்க ஓர் ஆசிரியைக்கு ஐம்பது வருஷம் போதவில்லை.

அது வெள்ளைக்காரர் தேசம், அவர்கள் அப்படித்தான் என்று நாம் சிரித்துவிட்டுப் போகமுடியாது. நம்முடைய யோக்கியதையைப் பார்ப்போம். மகாபாரதத்தை இயற்றியவராகச் சொல்லப்படுபவரின் பெயரே கிருஷ்ண துவைபாயனர், கறுப்பர். திரௌபதிக்குக் கிருஷ்ணை என்றே பெயர். கறுத்தவள் என்று அர்த்தம். அவள் அழகைப் பார்த்துத்தான் அத்தனை ராஜாக்களும் வில்லைத் தூக்க வந்தார்கள். நான் சிறு வயதில் பார்த்த காலண்டர்களில் திரௌபதி எந்த நிறத்தில் இருந்தாள்? எலுமிச்சம்பழம்! கண்ணனுக்காவது தெய்வமாயிற்றே என்று நீலம் பூசிச் சமாளித்தோம். மனுஷிக்கு அந்தச் சலுகைகூட இல்லை.

போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். என் அம்மாவின் கல்யாணப் படத்தில் அம்மா வெளுப்பாக இருப்பாள். நிஜத்தில் அவள் நல்ல கறுப்பு. ஸ்டூடியோவில் நெகடிவ்வை வெளிச்சத்துக்கு நேரே ஒரு சாய்மேஜைமேல் வைத்து, முகம் இருக்கும் இடத்தில் சீவிய பென்சிலால் நுணுக்கி நுணுக்கித் தேய்ப்பார்களாம். நெகடிவ்வில் கறுப்பு ஏற ஏறப் படத்தில் வெளுப்பு ஏறும். அப்புறம் அச்சிட்ட படத்தில் கன்னத்துக்குக் கொஞ்சம் ரோஸ் சாயம். பென்சிலைக் கொண்டு கறுப்பை வெளுத்த சாமர்த்தியம் நம்முடையது. கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலத்துக்கு முந்தியது. அம்மா அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருந்தாள். வருகிறவர்கள் படத்தையும் பார்த்து அவளையும் பார்ப்பார்கள். அவள் உள்ளே போய்விடுவாள்.

இதையெல்லாம் எழுதுகிற எனக்கு என்ன யோக்கியதை என்று ஒரு வாசகர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். என் முதல் நாலு நாவல்களின் நாயகிகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒருத்தி தந்தச் சிலை. ஒருத்தி தாழம்பூ. ஒருத்திக்குப் பௌர்ணமி. நாலாமவளைப் பற்றி 'மாநிறமானாலும் லக்ஷணமானவள்' என்று எழுதியிருக்கிறேன். அந்த 'ஆனாலும்' இருக்கிறதே, அதை இப்போது படிக்கும்போது என் கன்னத்தில் யாரோ அறைந்தாற்போல் இருக்கிறது. அம்மா அந்த நாவலைப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இருளாயி வருவதற்கு அதன்பிறகு ஒன்பது வருஷம் ஆயிற்று. அந்தப் பையனுடைய கை சந்தன நிறத்தை நோக்கித் தானாகவே போயிற்று என்றால், அந்தக் கைக்கு அந்த வழியைப் பழக்கியவர்களில் நானும் ஒருவன். பெண் வேண்டும் என்ற விளம்பரத்தில் நிறத்தைப் போடுகிற தகப்பனாரும் ஒருவர். அந்தத் தகப்பனாரும் என் வாசகரே. ஆகவே குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன்.

பதிப்பாளரோடு நடந்த பேச்சைச் சுருக்கிச் சொல்கிறேன். அது ஒன்றும் ரஸமான பேச்சல்ல. "வாசகர்களுக்குப் பிடிக்கணும் இல்லையா சார்" என்றார். எந்த வாசகர் வந்து இருளாயியை வெளுத்துக் கொடு என்று கேட்டார் என்றேன். கேட்கமாட்டார்கள், வாங்கமாட்டார்கள் என்றார். தொடர்கதையாக வந்தபோது வாரம் தவறாமல் அவளைக் கறுப்பாகத்தானே பார்த்தார்கள், படித்தார்களே என்றேன். "அது பிளாக் அண்ட் ஒயிட் சார், எல்லாருமே கறுப்புதான்" என்றார். இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதும் தெரியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு பாதி நிஜம். பென்சில் படத்தில், ஏரியை ஆக்கிரமிக்க வந்த மிராசுதாரும், அவர் மனைவியும், இருளாயியும் ஒரே கரியில் பிறந்தவர்கள். வர்ணம் வந்தபிறகுதான் யாருக்கு எந்த டப்பாவைத் திறப்பது என்ற கேள்வியே எழுகிறது.

இனிமேல் பையனும் வேண்டாம், யந்திரமே பூசிவிடும் என்கிறார்கள். கோட்டுப் படத்தைக் கொடுத்தால் நொடியில் வர்ணம் தீட்டித் தருகிற புரோகிராம்கள் வந்துவிட்டன. அவை கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை. யார் பூசிய படங்களை? நாம் பூசியவற்றைத்தான். பெரியவரின் பழைய ஸ்கேனை அப்படி ஒன்றில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கன்னம் ரோஜா நிறத்தில் வந்தது. யந்திரத்தோடு நான் சண்டை போடமுடியாது. அது எழுந்து நிற்காது. 'சார்' என்று கூப்பிடாது. ஆகையால், எழுந்து நிற்கிற பையன் இருக்கும்போதே சண்டையை முடித்துக்கொள்வது உத்தமம் என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் திருவல்லிக்கேணிக்கு அழைத்துக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பெரியவருக்கு லேயர் கீயர் ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வைக்க அவனும் முயலவில்லை. "ஏம்பா, இவளுக்கு வெளிச்சம் எங்கேருந்து வருது?" என்று மட்டும் கேட்டார். பையன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே நிலா இருக்கிறது. மேலேயிருந்து என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான்.

"தண்ணிலேருந்து ஐயா."

"அப்போ எங்கே அதிகக் கறுப்பு?"

"நெத்தி. கண்ணுக்கு மேல."

"மூக்குத்தி?"

"அது... அது ஒண்ணுதான் ஐயா வெள்ளை."

பெரியவர் என்னைப் பார்த்து, "பையன் கெட்டிக்காரன் தம்பி. இவனை ஏன் வைதீங்க?" என்றார்.

அன்று மாலைக்குள் ஒரு படம் முடிந்தது. தோலின் கறுப்பை ஒரு தாளிலும், நிழலை இன்னொரு தாளிலுமாகக் கண்ணால் பார்த்தே பிரித்து எடுத்தான். அதற்கே மூன்று மணி நேரம் ஆயிற்று. கறுப்புக்குக் கீழே கொஞ்சம் செம்மண், நெற்றி நிழலில் ஊதா, முகவாயின் அடியில் தண்ணீரின் பச்சை. கறுப்பில் இத்தனை வர்ணம் இருப்பது எழுதிய எனக்கே தெரியாது. அவளைப் பார்த்தேன், எனக்கு வேறு ஒரு முகம் ஞாபகம் வந்தது. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

இரண்டாம் பதிப்புக்கு மற்றப் படங்களையும் அப்படியே செய்து தருகிறான். இந்த முறை நாவலைப் படித்துவிட்டான். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு தப்பும் கண்டுபிடித்துச் சொன்னான், மடை திறக்கும் நாள் அமாவாசை என்று ஓரிடத்தில் இருக்கிறதாம். பெரியவர் பெயருக்குக் கீழே அவன் பெயரையும் போடவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதிப்பாளர் அதற்குச் சம்மதித்துவிட்டார். உள்ளே இருக்கும் படங்களை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். அட்டை மட்டும் பழையபடியே இருக்கட்டும், கடையில் எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு அந்த முகம் பழகிவிட்டது என்கிறார்.

ஒப்பந்தம் என் மேஜைமேல் மூன்று வாரமாகக் கிடக்கிறது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.